இருட்டு ரூமில் என் கைகளைக் கட்டிய நாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நான் எழுதிப் பழக்கமில்லாதவள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எழுத்து கோணலாக வரும். சொன்னதையே திரும்பச் சொல்வேன், சொல்ல வந்ததைப் பாதியில் மறந்தும் போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். மலையாளம் பேச வருமே தவிர எழுத வராது, அதனால் தமிழில் எழுதுகிறேன். உங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

நம் பீல்டு டெஸ்ட் ரூமின் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துணிப்பட்டி தொங்குகிறது. மஞ்சள் நிறம், ஒரு ஓரம் மட்டும் தைத்தது. போன மாதம் என்னைப் பார்க்க வந்த பிள்ளை ஒருத்தி, "அம்மா, அது கர்ட்டன் கட்டுற நாடாதானே?" என்று கேட்டாள். இல்லை. அது என் கையைக் கட்டிய துணி. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் இந்தக் கண் ஆஸ்பத்திரியில் தூத்துத் துடைக்கத்தான் சேர்ந்தேன். எனக்குப் பெரிய கூச்சம். யாராவது நேராக முகத்தைப் பார்த்துப் பேசினால் தலையைக் குனிந்துகொள்வேன். வராந்தாவில் டாக்டர்கள் வந்தால் வாளியோடு சுவரை ஒட்டி நிற்பேன். ஒரு நாள் பீல்டு ரூமில் உதவிக்கு ஆள் இல்லை என்று என்னை நிறுத்தினார்கள். அந்த ரூம்தான் உங்களுக்குத் தெரியுமே, இருட்டு. என் முகம் யாருக்கும் தெரியாது. அங்கே எனக்குப் பேச்சு வந்துவிட்டது. "நாடிய இதுல வையுங்கம்மா, நெத்திய முட்டக் குடுங்க, கழுத்து வலிக்குதா, ஸ்டூல ஏத்தணுமா" என்று நானே கேட்டுக் கேட்டுச் செய்தேன். மெஷின் பார்க்கிற மலையாளத்து அக்கா, நம் சேச்சி, வெளியே வந்து, "இவரை இனி வாளி தூக்க விடாதீங்க, இந்த ரூமுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டார். ஓய்வு பெறும் வரை அந்த ரூம்தான் எனக்கு. அந்தச் சேச்சியின் பெயரை எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது.

மெஷினைப் பற்றி உங்களுக்குக் கிளாஸ் எடுத்திருப்பார்கள். எனக்கு விளங்கினதைச் சொல்கிறேன். சாய்த்து வைத்த சட்டி மாதிரி ஒரு வெள்ளைக் குழி. ஒரு கண்ணை ஒட்டுத்துணியால் மூடி, மற்ற கண்ணால் நடுப்புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் சின்னச் சின்ன வெளிச்சம் வந்து போகும். வெளிச்சம் தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். தெரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் மனுஷருக்கு மிகவும் கஷ்டம்.

நம்மிடம் வருகிறவர்களில் ஒரு கூட்டம், கண்ணுக்கு ஒரு குறையும் இல்லாமல் வருகிறவர்கள். மூட்டு வாதம், லூப்பஸ் போன்ற நோய்களுக்கு வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிடுகிறவர்கள். ஹைட்ராக்ஸி என்று தொடங்கும் அந்த மாத்திரையின் முழுப்பெயர் என் வாயில் நுழையாது. நல்ல மாத்திரை, பலரை எழுந்து நடக்க வைத்த மாத்திரை என்று சேச்சி சொல்வார். ஆனால் பல வருஷம் சாப்பிடும்போது சிலருக்கு மட்டும் கண்ணின் உள்ளே பின்பக்கம் இருக்கிற திரை கெடும். வலி இருக்காது. நடுப்பார்வை கடைசி வரை நன்றாக இருக்கும், அதைச் சுற்றித்தான் முதலில் போகும். போனது திரும்பாது. அதனால் அவர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் நமக்குத் தெரிய வேண்டும். இதுதான் நம் வேலை.

அவர்களுக்கு இது பரீட்சை மாதிரி. பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்து ரிட்டயர்ட் ஆன ஒரு மாஷ் வருவார். டெஸ்ட் முடிந்து ஒட்டுத்துணியை எடுத்ததுமே, "எத்ர மார்க்கு?" என்று கேட்பார்.

"மாஷே, இது பரீட்சை அல்ல" என்பார் சேச்சி.

"பின்னே எதுக்கு எனக்கு வியர்க்குது? ஜெயிச்சேனா தோத்தேனா, அதச் சொல்லு."

நாங்கள் சிரிப்போம். சிரித்தேனே தவிர அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அது பரீட்சையாகத்தான் இருந்தது. என் ரூமுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஜெயித்துப் போக வேண்டும் என்று ஆசை.

இங்கேதான் என் தவறு வருகிறது.

இருட்டில் கிழவர்கள் தூங்கிவிடுவார்கள். தூங்கினால் தோளில் மெல்லத் தட்டி எழுப்பச் சேச்சிதான் சொன்னார். அப்படித் தட்டத் தொடங்கினேன். நாள் போகப் போகத் தூங்காதவர்களையும் தட்டினேன். நான் நிற்கிற இடத்திலிருந்து, நோயாளியின் தோளுக்கு மேலாகப் பார்த்தால், குழிக்குள் வருகிற வெளிச்சம் எனக்கும் கொஞ்சம் தெரியும். வெளிச்சம் வந்தும் அவர்கள் அமுக்கவில்லை என்றால், ஐயோ, கவனிக்காமல் விட்டுவிட்டார்களே என்று விரலால் ஒரு தட்டு. உடனே அமுக்கிவிடுவார்கள். வெளிச்சம் வராமல் அமுக்கினால்தான் மெஷின் கண்டுபிடிக்கும், வெளிச்சம் வராத நேரத்தில் நான் தட்ட மாட்டேன். அதனால் மெஷினுக்கும் என்னைப் பிடிக்க முடியவில்லை. சேச்சி கர்ட்டனுக்கு அந்தப் பக்கம் மெஷின் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவருக்கும் தெரியாது.

என் ரூமில் டெஸ்ட் நன்றாக வருகிறது என்று பெயர் ஆகிவிட்டது. "தமிழ் அம்மா இருக்காங்களா?" என்று கேட்டு வருவார்கள். எனக்குப் பெருமை தாங்காது. வாழ்நாளில் யாரும் என்னைக் கேட்டு வந்ததில்லை.

அப்படி வருஷம் தவறாமல் என்னைக் கேட்டு வருகிறவள் தங்கபாய். பாறசாலைப் பக்கம் தமிழ்க் குடும்பம், கல்யாணம் ஆகி வந்தது கரமனை. புருஷன் இல்லை, மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. கரமனையில் ஒரு சந்துக்குள் ஒற்றை ரூம் எடுத்துப் பிளவுஸ் தைக்கிறாள். அவளுக்கு மூட்டு வாதம். ஒரு காலத்தில் காலையில் விரல்கள் மடங்கி விரியாமல் கிடக்குமாம். ஊருக்கெல்லாம் ஹூக் வைத்துக் கொடுக்கிறவள், தன் பிளவுஸ் ஹூக்கைப் போடப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டியிருந்ததாம். அந்த மாத்திரை வந்த பிறகுதான் கை திரும்பியது. என் முன்னால் பத்து விரலையும் விரித்து விரித்து மடக்கிக் காட்டுவாள்.

"எக்கா, இதுல ஒண்ணு ரெண்டு ஒனக்கு வேணுமா? எனக்கு எக்ஸ்ட்ரா இருக்கு" என்பாள்.

ஆளைப் பார்த்ததும் அளவு சொல்லிவிடுவாள். முதல் தடவை என்னைப் பார்த்தபோது, "நீ முப்பத்தி நாலு போட்டுட்டு நடக்கே, ஒனக்கு முப்பத்தி ஆறு வேணும். மூச்சு முட்டல்லியா?" என்றாள். நான் இருட்டிலும் வெட்கப்பட்டேன். அடுத்த தடவை வரும்போது ஒரு பிளவுஸ் தைத்துக்கொண்டு வந்தாள். டேப் வைக்காமல் தைத்தது, ஊசி நுனி அளவுகூடப் பிசகவில்லை.

நான் சொல்லும் அந்த நாளில் அவள் வந்தபோது கொஞ்சம் மெலிந்திருந்தாள். டெஸ்டுக்கு உட்கார வைத்தேன். வலது கண்ணுக்கு நிறையத் தட்ட வேண்டியிருந்தது. இடது கண்ணுக்கு அதைவிட அதிகம். தூக்கம் இல்லாமல் தைத்திருப்பாள், பாவம் என்று நினைத்துக்கொண்டே தட்டினேன். பேப்பர் வந்தது. சேச்சி பார்த்து, "கொழப்பமில்ல" என்றார், கோளாறு ஒன்றும் இல்லை என்று. அடுத்து ஸ்கேன் எடுத்து, பைலை டாக்டர் ரூமுக்கு அனுப்பினார்கள். தங்கபாய் வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்தாள். அடுத்த ஆள் வர நேரம் இருந்ததால் அவளுக்கு ஒரு டம்ளர் சாயா வாங்கிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எக்கா, ஒனக்க விரல் ராசியான விரல்" என்றாள். "நீ தட்டினா நான் அமுக்கிருவேன்."

"வெளிச்சம் தெரிஞ்சுதானே அமுக்குவே?"

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டா என்ன? நீ தட்டினா வெளிச்சம் வந்திருக்குன்னு அர்த்தம். நீ பொய்யா சொல்லப் போறே?"

அவள் சிரித்தாள். காலி டம்ளரை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

அவள் பையிலிருந்து ஒரு பிளவுஸ் கையையும் அளவு டேப்பையும் எடுத்தாள். சும்மா இருக்க மாட்டாள், காத்திருக்கும் நேரத்தில் ஓரம் மடித்துத் தைப்பாள். டேப்பைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், மறுபடி மறுபக்கம் சாய்த்தாள். கோழி தரையைப் பார்க்குமே, அப்படி.

"என்ன பிள்ளே செய்யுதே?"

"ஒண்ணுமில்லக்கா. பாக்குற நம்பர் நல்லாத் தெரியுது. அதுக்கு அடுத்தாப்பல உள்ள நம்பர் காணாமப் போகுது. தலையச் சாய்ச்சா வந்துரும். வயசாச்சுல்லா."

"எத்தன நாளா?"

அவள் சட்டென்று டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டாள். "எக்கா, நீ யாருட்டயும் சொல்லிராத. சொன்னா மாத்திரைய நிப்பாட்டிருவாங்க. மாத்திர போனா எனக்க கை போயிரும். கை போனா நான் என்ன செய்வேன், சொல்லு. ஒன்ன நம்பித்தான் சொன்னேன்."

அவளுடைய டோக்கனுக்கு இன்னும் நாலு ஆள் இருந்தது.

பிள்ளைகளே, நான் அப்போது பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். சொன்னால் என் வேலை போகும் என்று ஒரு பயம். ராசியான அம்மா என்ற பெயர் போகும் என்று அதைவிடப் பெரிய பயம். நம்பிச் சொன்னவளைக் காட்டிக் கொடுப்பதா என்று இன்னொன்று. சாயா டம்ளரைக் கழுவி வைத்தேன். கழுவின டம்ளரை மறுபடியும் கழுவினேன். பிறகு கர்ட்டனைத் தள்ளிக்கொண்டு சேச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டினதையும் சொன்னேன்.

சேச்சி நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எத்தன தட்டு?" என்றார்.

"வலது கண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு. இடதுக்கு அதுக்கு மேல."

"எந்தப் பக்கம் வெளிச்சம் வந்தப்ப?"

"நடுவுக்குப் பக்கத்துல. சுத்திச் சுத்தி."

அவர் எழுந்துவிட்டார். "நீயே டாக்டர்ட்ட சொல்லணும். நான் சொன்னா அது ஒரு ஆளப் பத்தின புகார். நீ சொன்னா அது நோயாளியப் பத்தின விவரம்."

"எனக்கு வாய் வராது சேச்சி."

"எங்க வருமோ அங்க வச்சுச் சொல்லு."

தங்கபாயைப் பார்க்கிற டாக்டர் வயதில் சின்னவர், கண்டிப்பானவர். அவர் ரூம் வாசலில் போய் நின்றேன். தலை நிமிரவில்லை. "டாக்டரே, ஒரு நிமிஷம் இருட்டு ரூமுக்கு வருவீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டேன். எதற்கு என்று அவர் கேட்டிருந்தால் நான் திரும்பி ஓடியிருப்பேன். கேட்கவில்லை. எழுந்து வந்தார். கதவைச் சாத்தியதும் எனக்குப் பேச்சு வந்தது. மெஷினைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

டாக்டர் மலையாளத்தில் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். "ஸ்கேன்ல எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் இருந்துச்சு அம்மே. பீல்டு நல்லா இருக்கேன்னு, அடுத்த வருஷம் பாக்கலாம்னு எழுதப் போனேன். பேனா கையில இருந்துச்சு, நீங்க வந்து நின்னீங்க."

அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

இன்றைக்கு நோயாளி களைத்திருப்பார், நாளைக் காலையில் புதிதாக டெஸ்ட் எடுப்போம், யாரும் தொடக் கூடாது என்று டாக்டர் முடிவு செய்தார். தங்கபாயைக் கூப்பிட்டுச் சொன்னார். மாத்திரையை இப்போது நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மூட்டு டாக்டரோடு நான் பேசுகிறேன் என்றும் சொன்னார். தங்கபாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்து என் முன்னால் நின்றாள்.

"காட்டிக் குடுத்துட்டேல்லா" என்றாள். "நான் நாளைக்கு வர மாட்டேன். ஒனக்க டாக்டருட்ட போய்ச் சொல்லு, அதத்தான் நல்லாச் செய்வே."

பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

அன்று வேலை முடிந்து கரமனை பஸ் பிடித்தேன். நான் யார் வீட்டுக்கும் அழைக்காமல் போகிறவள் இல்லை. சந்துக்குள் அவள் ரூம் கதவு திறந்து கிடந்தது. மேஜையில் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். சாக்பீஸ் கோடு போட்டிருந்தது. கத்தரி கோட்டின் மேல் போகவில்லை, கோட்டுக்குப் பக்கத்தில் போனது. அவளுக்கும் அது தெரிந்தது. நான் பார்த்துவிட்டதும் அவளுக்குத் தெரிந்தது. துணியைச் சுருட்டினாள்.

"எதுக்கு வந்தே? எனக்க கையப் பறிக்கவா?"

"தங்கபாய், கண்ணு போச்சுன்னா எந்தக் கையால தைப்பே?"

"கை போச்சுன்னா எந்தக் கண்ணால தைப்பேன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. நம்மிடம் வருகிறவர்கள் இதைக் கேட்டால் உங்களுக்கும் பதில் தெரியாது, தெரிந்த மாதிரிப் பேசாதீர்கள். நான் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தேன். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது, அவள் லைட் போடவில்லை. அதனால்தான் எனக்குப் பேச வந்தது என்று நினைக்கிறேன்.

"அது எனக்குத் தெரியாது" என்றேன். "டாக்டருக்கும் தெரியாது. அவங்க கையில இருக்க பேப்பர் ஒனக்க கண்ணு பாத்தது இல்ல, எனக்க கண்ணு பாத்தது. ஒனக்க பைல்ல எனக்க கண்ணு நல்லாருக்குன்னு எழுதி வச்சிருக்கு. அத வச்சு ஒனக்க கையையும் பாக்க முடியாது, கண்ணையும் பாக்க முடியாது. நான் செஞ்ச தப்பு. நீ வந்தாத்தான் அழிக்க முடியும்."

அவள் சுருட்டின துணியில் முகத்தை வைத்தாள். பிறகு குலுங்கினாள். அழுகிறாள் என்று எழுந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன வருஷமா நான் பஸ் ஏறி வந்து ஒனக்க கண்ணயா டெஸ்ட் பண்ணிட்டுப் போனேன்?"

"ஆமா."

"ஒனக்குக் கண்ணு நல்லாருக்கா?"

"நல்லாருக்காம்."

"சந்தோஷம்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு வாறேன். ஆனா ஒன்ன நம்ப மாட்டேன். நீ எரக்கப்பட்டுத் தட்டிருவே. நானும் ஆசப்பட்டு அமுக்கிருவேன். அதுக்கு ஒரு வழி கொண்டு வாறேன்."

கொண்டு வந்தாள். மறுநாள் காலையில் இருட்டு ரூமுக்குள் வந்ததும் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணிப்பட்டியை எடுத்தாள். முந்தின நாள் கோணலாக வெட்டினாளே, அந்தத் துணியில் கிழித்தது. "கையக் காட்டு" என்றாள். என் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து வைத்து மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். தையல்காரி முடிச்சு, லேசில் அவிழாது.

கர்ட்டனுக்குப் பின்னாலிருந்து சேச்சி எட்டிப் பார்த்தார். "எந்தா இது, போலீஸ் கேஸோ?"

"கள்ளியப் பிடிச்சுக் கட்டியிருக்கேன் சேச்சி. நீங்க மெஷினப் போடுங்க."

மெஷின் ஓடியது. நான் கட்டின கையோடு நின்றேன். நடுவுக்குப் பக்கத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவள் அமுக்கவில்லை. அதே இடத்தில் கொஞ்சம் கூடுதலாக வந்தது. அமுக்கவில்லை. இன்னும் பிரகாசமாக, எனக்குப் பளிச்சென்று தெரிகிற அளவுக்கு வந்தது. அவள் நடுப்புள்ளியைப் பார்த்தபடி ஆடாமல் அசையாமல் இருந்தாள். என் விரல்கள் துணிக்குள் துடித்தன. முடிச்சு மட்டும் இல்லை என்றால் அன்றைக்கும் தட்டியிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன், நிச்சயம் தட்டியிருப்பேன். வெளிச்சம் வந்து அவள் சும்மா இருந்த ஒவ்வொரு முறையும் அவள் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நான் அதுவரை ஒரு நாளும் சொல்ல விடவில்லை.

பேப்பர் வந்தது. இரண்டு கண்ணிலும் நடுவில் வெளுப்பு, அதைச் சுற்றி அங்கங்கே விட்டுவிட்டுக் கறுப்பு. முழு வளையம் ஆகவில்லை. உடைந்த வளையல் மாதிரி இருந்தது.

டாக்டர் பேப்பரையும் ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எடை எவ்வளவு என்று கேட்டார். நர்ஸ் எடை பார்த்ததில், மாத்திரை தொடங்கின காலத்தைவிட நன்றாகக் குறைந்திருந்தது. மாத்திரை பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. எடையைப் பார்த்துத்தான் அதன் அளவாம். அன்றிலிருந்து எடை கேட்காமல் யாரையும் நான் உள்ளே விட்டதில்லை. டாக்டர் அங்கேயே மூட்டு டாக்டருக்குப் போன் செய்தார். இரண்டு பேரும் பேசி அந்த மாத்திரையை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றினார்கள்.

தங்கபாய் பயந்தது பாதி நடந்தது. புது மருந்து பிடிக்கும் வரை கொஞ்ச காலம் கை மறுபடியும் மடங்கியது. அந்தக் காலத்தில் வேலைக்கு வரும் வழியில் நான் கரமனையில் இறங்கி அவளுக்கு ஹூக் போட்டுவிட்டு அடுத்த பஸ் பிடிப்பேன். போட்டுவிடும்போதெல்லாம் வைவாள். "மெதுவாப் போடுக்கா, சாக்குமூட்டையா கட்டுதே?" ஒரு நாள் காலையில் போனபோது அவள் தானே போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். நான் உள்ளே போகாமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

கண்ணில் போனது திரும்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எடுத்த பேப்பர்களில் வளையம் வளரவில்லை. டாக்டர் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், பார்க்க வேண்டும் என்கிறார். தங்கபாய் அளவு டேப்பில் முக்கியமான நம்பர்களில் எல்லாம் கலர் நூல் முடிந்து வைத்திருக்கிறாள். விரலால் தடவிப் பார்த்து வெட்டுகிறாள். நான் இதை எழுதும்போது போட்டிருக்கும் பிளவுஸ் அவள் தைத்ததுதான்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். தங்கபாய் ஒருத்தியோடு அது முடியவில்லை. நான் தட்டினவர்கள் வேறு எத்தனை பேர்? டாக்டர் கேட்டபோது எனக்குக் கூச்சம் போய்விட்டது. பைல் நம்பர் எனக்குத் தெரியாது, ஆனால் முகம் தெரியும். கிளார்க்கிடம் ஒவ்வொருவராகச் சொன்னேன். பிரம்பு ஊன்றி வரும் அப்பச்சன் கிழவர், ஸ்டூல் ஏத்தித் தர வேண்டிய டீச்சர், விழிஞ்ஞத்திலிருந்து வரும் மீன்காரச் சேச்சி என்று சொல்லச் சொல்ல அவர் தேடி எடுத்தார். எல்லோரையும் கூப்பிட்டு மறுபடி டெஸ்ட் எடுத்தோம். மாஷும் வந்தார்.

"முன்னம் ஜெயிச்சது ஜெயிச்சதா இல்லையா?" என்றார்.

"மாஷே, போன தடவ நான் சொல்லித் தந்துட்டேன். இந்தத் தடவ நீங்களே எழுதணும்" என்றேன். வெளிச்சத்தில், வராந்தாவில், நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் பேப்பர் நன்றாகவே இருந்தது. பெரும்பாலானவர்களுடையதும் நன்றாகத்தான் இருந்தது, மீதிப் பேரை டாக்டர் தன் கையில் எடுத்துக்கொண்டார். அவ்வளவு பேருக்கும் அன்று வந்தது அவரவர் கண் பார்த்த பேப்பர். அதில்தான் எனக்குப் பெருமை, பழைய ராசியில் இல்லை.

என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. ரூமில் ஒரு வழக்கம் மட்டும் வந்தது, நீங்கள் இப்போது செய்கிறீர்களே அதுதான். டெஸ்ட் தொடங்கும் முன் உதவிக்கு நிற்கிறவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வது. ஆள் தூங்கினால் தட்டக் கூடாது. சேச்சியிடம் சொல்லி மெஷினை நிறுத்தி, கண்ணைத் திறந்து மூடச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பிறகு தொடங்குவது. நிறுத்தினோம் என்று பேப்பரில் எழுதுவது. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்த ஆளிடம், "தெரியலைன்னா அமுக்காதீங்க, அதுவும் பதில்தான்" என்று சொல்வது. இது என் வார்த்தை. நாலாம் வகுப்புப் படித்தவளின் வார்த்தையை நீங்கள் எல்லோரும் தினமும் சொல்கிறீர்கள் என்று என்னைப் பார்க்க வந்த அந்தப் பிள்ளை சொன்னபோது எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மஞ்சள் துணியைத் தங்கபாயே அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். "இஞ்சயே கிடக்கட்டும், மறுபடி தேவப்படும்" என்றாள். எனக்கு அது பல நாள் தேவைப்பட்டது. முடியாதவர்கள் யாராவது உட்கார்ந்து, வெளிச்சம் வந்து வந்து போக, அமுக்காமல் இருக்கும்போது, நான் அந்தத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். உங்களுக்கும் கை துடிக்கும். துடிக்காவிட்டால் நீங்கள் இந்த வேலைக்கு ஆக மாட்டீர்கள். துடிக்கும்போது அந்தத் துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதில் மாத்திரையைப் பற்றியும் கண்ணின் திரையைப் பற்றியும் எழுதினது எல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் டெஸ்ட், எடைக்கு எவ்வளவு மாத்திரை என்பதெல்லாம் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது, அதனால் எழுதவில்லை. டாக்டரோ சேச்சியோ ஒரு முறை வாசித்துப் பார்த்துத் தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள், எழுத்துப் பிழையையும் சேர்த்து. அந்த இடது கண்ணுக்கு எத்தனை தட்டு என்று அன்று சேச்சியிடம் சரியாகச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பதினேழு. அதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். எது மறந்தாலும் அது எனக்கு மறக்காது.